தேய்த்தால் போகாத கறுப்பு

கோடை விடுமுறையில் என் கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகளில் பாதி காய்ச்சல். மீதியில் கணிசமானது கழுத்து. ஜடையை ஒதுக்கிப் பின்கழுத்தைக் காட்டி அம்மாக்கள் சொல்வார்கள்: "எவ்வளவு தேச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்கு டாக்டரம்மா." அதற்குள் கடலை மாவு, எலுமிச்சைத் தோல், தயிர், பீர்க்கங்கூடு எல்லாம் முடிந்திருக்கும். சில பிள்ளைகளுக்குத் தேய்த்த இடம் சிவந்து எரிந்துகொண்டிருக்கும். கூட வந்த ஆச்சி, "எங்க குளிக்கா? கடனுக்குத் தண்ணிய ஊத்திட்டு வாரா" என்பார். பிள்ளை தரையைப் பார்க்கும்.

அதனால் முதலில் பிள்ளையிடம்தான் பேசுவேன். "நீ நல்லாத்தான் குளிக்கே தாயி. இது அழுக்கே இல்ல."

ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் இருந்தால், அது சர்க்கரையைக் கவனிப்பதோடு நிற்பதில்லை. தோலின் மேலடுக்கில் இருக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகுகின்றன. பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சில பிள்ளைகளுக்கு விரல் முட்டி ஆகிய இடங்களில் தோல் மெத்தென்று தடித்து, வரி வரியாகக் கறுக்கிறது. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று இதற்கு நீளமான பெயர். வெளியே பூசும் களிம்பு இதில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, காரணம் உள்ளே இருப்பதால்.

இன்சுலின் ஏன் கூடுகிறது? உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு பங்கு இன்சுலினில் முடிய வேண்டிய வேலைக்குக் கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரக்க வேண்டியிருக்கிறது. அப்படி அது சமாளித்துக்கொண்டிருக்கும் வரை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். "சுகர் நார்மல்னு லேப்ல சொல்லிட்டாங்களே" என்று பெற்றோர் நிம்மதியாகக் கிளம்பப் பார்ப்பது இந்த இடத்தில்தான். கணையம் சோர்ந்துபோகும் நாளில் அந்த ரிப்போர்ட் மாறும். கழுத்து பல வருடம் முன்பே சொல்லிவிடுகிறது.

இன்னொரு கேள்வியும் கூடவே வரும். "இவ ஒண்ணும் அப்படிக் குண்டு இல்லையே டாக்டரம்மா?" நான் எழுத வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். குண்டு, ஒல்லி என்று நம் கண் போடுகிற கணக்கு நம் பிள்ளைகள் விஷயத்தில் அடிக்கடி தப்பிப்போகிறது. எடைமெஷினும் அதே தப்பைத்தான் செய்கிறது.

வீட்டில் பரண் இருக்கும். வேண்டாத பாத்திரம், பழைய பெட்டி எல்லாம் அதில் ஏறும். பரண் பெரிதாக இருந்தால் எவ்வளவு சாமான் சேர்ந்தாலும் புழங்குகிற இடம் தப்பிக்கும். பரண் சிறிதாக இருந்தால் நாலு பெட்டியிலேயே நிறைந்து, ஐந்தாவது அடுப்படிக்கு வந்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அப்படி ஒரு பரண். அங்கே கொழுப்பு இருப்பதால் பெரிய கேடில்லை. இடம் போதாமல் கல்லீரலிலும் தசையிலும் குடலைச் சுற்றியும் சேரும்போதுதான் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. நம் ஆட்களுக்குப் பரண் சிறியது என்பதற்கு நிறைய ஆதாரம் சேர்ந்துவிட்டது. அதனால் ஐரோப்பியக் குழந்தைக்கு நிறைய எடை கூடிய பிறகு வருகிற சிக்கல், நம் குழந்தைக்கு அதைவிடக் குறைவாகக் கூடும்போதே வந்துவிடலாம்.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், எடை குறைந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாத நம் உடம்பின் போக்கைப் பிறந்த குழந்தையிலேயே அளந்து காட்டியவர். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளையும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2003இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது. நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. அவர்களுடையது 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவு, கை, தசை எல்லாவற்றிலும் நம் குழந்தை சிறுத்துத்தான் இருந்தது. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பின் தடிமனை அளந்தபோது அதில் மட்டும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்த உடம்பு, கொழுப்பை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. ஒல்லியான கொழுத்த குழந்தை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருடம் அதே யாக்னிக் தன்னையே எடுத்துக்காட்டாக வைத்தார். லண்டன் நண்பரான ஜான் யட்கினுடன் பக்கத்தில் நின்று ஒரு படம். 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், நாம் பி.எம்.ஐ. என்பது, இருவருக்கும் ஒரே 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. படத்தைப் பார்த்தால் இரண்டு ஒல்லி மனிதர்கள், அவ்வளவுதான்.

அதே 2004இல் இன்னோர் ஆய்வும் வந்தது. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே அளந்து குறித்து வைத்திருந்தார்கள். அவர்களில் 1,492 பேரை 26 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் பிடித்து சர்க்கரை பரிசோதித்தார்கள். நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ வந்திருந்தவர்களின் பழைய அட்டைகளைப் பார்த்தால், இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமே பி.எம்.ஐ. ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல்பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. அந்த வயதில் அவர்களைக் கூட்டிவந்திருந்தால் எடைமெஷினை மட்டும் பார்க்கிற எந்த மருத்துவரும், "பிள்ள நல்லாருக்கு" என்றுதான் அனுப்பியிருப்பார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் நடக்கிற பெரிய வேடிக்கை, பி.எம்.ஐ.யின் அந்த ஏற்றம் தொடங்குகிற வயதில்தான்.

குழந்தை முதல் வருடம் உருண்டு திரண்டு இருக்கும். நடக்கத் தொடங்கியதும் சதை வடிந்து, ஐந்து ஆறு வயதில் விலா எலும்பு தெரிய நிற்கும். முதல் வருடத்துக்குப் பிறகு பி.எம்.ஐ. மிகக் கீழே இறங்குகிற காலம் அது. இயற்கை அப்படி. அதற்குப் பிறகுதான் மெல்ல ஏற வேண்டும். அந்த ஏற்றம் எவ்வளவு முந்திவருகிறதோ அவ்வளவு பிற்காலச் சிக்கல். ஆனால் நம் வீடுகளில் யு.கே.ஜி. பிள்ளையின் விலா எலும்பைப் பார்த்ததும் பதற்றம் பிடித்துக்கொள்கிறது. "கொழுகொழுன்னு இருந்தவன், இப்படி நரங்கிப் போயிட்டான். கண்ணு பட்டுருக்கும்." சுற்றிப்போடுவதோடு நின்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து, "பசிக்கு ஒரு சிரப் எழுதிக் குடுங்க" என்பார்கள். கடையில் கேட்டு வாங்கிக்கொடுக்கப்படும் பசி சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அலர்ஜிக்கான மருந்து. பசியைக் கிளப்பும், கூடவே தூக்கத்தையும் தரும். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? உயரம் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுகிறதா, ஓடியாடுகிறானா என்று கேட்பேன். ஆமாம் என்றால், எழுத ஒன்றுமில்லை. வெறும் சீட்டோடு வெளியே போகும் தாயின் முகத்தில் எனக்கான மரியாதை குறைவது நன்றாகவே தெரியும்.

சிரப் கிடைக்காவிட்டால் பவுடர். பாலில் கலக்கும் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது, அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதியது. தலைப்பை எடுத்தாயிற்று, டப்பா இன்னும் எல்லா அடுப்படியிலும் இருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுவேன். படித்தவர்கள் பெரும்பாலும் மறுபடி வாங்குவதில்லை.

இனி நாட்டுக் கணக்கு. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, வளரிளம் பருவத்தினரை அளந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுக்காரர்களில் அதிக எடை உள்ளவர்கள் 100க்கு 5 பேர். மெலிந்தவர்கள் 24 பேர். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களோ 10 பேர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த 10 பேரில் குறைந்தது பாதிப் பேராவது எடை கூடாதவர்கள். 5 முதல் 9 வயதுக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2006இல் தொடங்கிய இளையோர் நீரிழிவுப் பதிவேட்டில், 25 வயதுக்குள் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இருந்தது டைப் 2. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அதே நோய்.

பின் எதைப் பார்ப்பது? என் மேஜையில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு தையல் டேப் கிடக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் தப்பு வரும். அந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பையனுக்கு 70க்குள். ஆறு வயதிலிருந்தே இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். பி.எம்.ஐ.யும் வேண்டாமென்று இல்லை. ஆனால் வெளிநாட்டு அட்டையை வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டையில், பெரியவர்களின் 23க்கும் 27க்கும் இணையான கோடுகள் போட்டிருக்கிறார்கள். மேலைநாட்டு வழக்கமான 25, 30 இல்லை. சிறிய பரணுக்கேற்ற கோடு.

டேப்புக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். பிறந்தபோது எடை எவ்வளவு? வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்குச் சுகர் இருந்ததா? இரண்டாவது கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம் என்று 2007இலேயே இங்கே அரசாணை வந்துவிட்டது. சென்னை மருத்துவர் வி. சேஷையா விடாமல் வலியுறுத்தியதன் பலன் அது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளையும், சுகர் இருந்த தாய்க்கு நாலு கிலோவில் பிறந்த பிள்ளையும் ஒன்றுக்கொன்று எதிர் எதிராகத் தெரியலாம். பின்னால் வருகிற ஆபத்தில் இரண்டும் ஒரே வரிசைதான்.

பத்து வயதுக்கு மேல், பருவமடைகிற காலத்தில் இந்த ஆபத்து வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும். ஆரோக்கியமான பிள்ளை அதைத் தாண்டிப்போய்விடும். ஏற்கனவே இடம் நிறைந்திருக்கும் பிள்ளைக்குக் கழுத்து கறுக்கும், சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப்போனால் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று ரிப்போர்ட் வரும். "இவன் பீர்கூடத் தொட்டதில்லையே!" என்று ஒரு அப்பா என்னிடம் சத்தியமே செய்தார். கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்குச் சாராயம் தேவையில்லை. இனிப்புத் தண்ணீர் போதும். 250 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூன் பக்கம். சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குப் போய், அளவு மீறினால் அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. பள்ளிக்கூட வாசலில் இந்தத் தண்ணீர் பத்து ரூபாய் பாட்டிலில் கிடைக்கிறது. சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொல்லி 2025 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. நல்லதுதான். பலகை பள்ளிக்கு உள்ளே இருக்கும், கடை வெளியே.

சாப்பாடு என்றதும் "அப்ப கடலை மிட்டாய்?" என்று கேட்பார்கள். கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலை மிட்டாயைத் திட்டினால் ஊர் சும்மா விடாது. 2020இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஒரு துண்டு சாப்பிடட்டும், பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்க வேண்டாம். சாத்தூர் காராச்சேவுக்கும் இதுதான். எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு, தட்டில் மலைபோல் சோறும் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும் இருப்பதோடுதான். சோறு குறைய வேண்டும் என்பதைவிடப் பருப்பும் முட்டையும் சுண்டலும் கீரையும் கூட வேண்டும். சோற்றுக்குப் பதில் குதிரைவாலி என்று மாற்றிவிட்டு அதே மலையைக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். குதிரைவாலியும் மாவுச்சத்துதான். சில விஷயங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டு தேவலை. சத்துணவில் முட்டை இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடான உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு கிடைக்கிறது. வேனில் போகிற பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஜாம் தடவிய ரொட்டி.

உடம்பு அசைவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒன்பதாம் வகுப்பு வரை பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். பத்தாம் வகுப்பில் அது அவருக்கே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிடும். காலை ஐந்தரைக்கு டியூஷன், இரவு ஒன்பதரைக்கு டியூஷன். பதின்வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது, இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. இதை மட்டும் என் சீட்டில் மருந்துபோலவே எழுதுகிறேன்: மாலை ஒரு மணி நேரம் விளையாட்டு, இரவு பத்து மணிக்குப் படுக்கை. ஒரு டியூஷன் சென்டரில் அந்தச் சீட்டைக் காட்டி மாலை வகுப்பிலிருந்து விடுதலை வாங்கிய பையன் உண்டு. மற்ற பையன்களும் அதே சீட்டைக் கேட்டு வந்ததுதான் கொஞ்சம் சங்கடம்.

ரத்தப் பரிசோதனை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டாம். பத்து வயது தாண்டி, எடையோ இடுப்போ கூடியிருந்து, கழுத்துக் கறுப்போ, பெற்றோருக்குச் சர்க்கரையோ, கர்ப்பகாலச் சர்க்கரையோ இருந்தால் பார்க்கலாம். அதிலும் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கு முடிவு கட்டக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். முன்பு சொன்ன அதே தேசிய ஆய்வில் வளரிளம் பெண்களில் 100க்கு 40 பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 10 சதவீதம் என்ற அந்தக் கணக்கிலும் இதன் கலப்பு கொஞ்சம் இருக்கலாம். ஆகவே ஹீமோகுளோபினையும் வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 5.8 என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுத அம்மாவிடம், பிள்ளைக்கு முதலில் தேவை இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சிகிச்சை என்றதும், "எத்தன கிலோ குறைக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைக்க வேண்டாம். இப்போது இருக்கும் எடை ஒரு வருடம் அப்படியே நின்றால் போதும். உயரம் கூடக்கூட விகிதம் தானே சரியாகும். வளர்கிற வயது பெரியவர்களுக்கு இல்லாத சலுகை. பட்டினி போடுவது, இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது எல்லாம் அந்தச் சலுகையைக் கெடுக்கும். அமெரிக்காவில் 12 வயது முதல் எடைகுறைப்பு ஊசி ஒன்றைப் போட 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டுக் கேட்டு வருபவர்களும் உண்டு. அது உடல்பருமன் என்ற வரையறைக்குள் வருகிற பிள்ளைகளுக்கு, அதுவும் சாப்பாட்டு மாற்றம், விளையாட்டு இவற்றோடு சேர்த்துத்தான்.

வீட்டில் கேட்கும் பெயர்கள்தான் எனக்கு எரிச்சல். பூசணி, பீமா, ட்ரம். பாசத்தில் சொல்வதாம். கேலி கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இளைப்பதில்லை, மேலும் எடை கூடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒளித்து வைத்துச் சாப்பிடப் பழகுவதும், விளையாட்டு மைதானத்துக்குப் போகக் கூசுவதும் இப்படித்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தனிச் சட்டம் என்றால் அது தண்டனை. வீடே மாறினால்தான் பிள்ளையும் மாறும். இதில் ஆய்வுகளுக்கும் என் அனுபவத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அதனால் பிள்ளையை அளந்து முடித்ததும் டேப்போடு அப்பா பக்கம் திரும்புவேன். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். "எனக்கு எதுக்கு டாக்டரம்மா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார். டேப் வயிற்றைத் தொட்டதும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுப்பார். பக்கத்து நாற்காலியிலிருந்து பிள்ளைதான் பிடித்துக்கொடுக்கும்: "அப்பா, எக்காதீங்க. மூச்ச விட்டுட்டுத்தான் அளக்கணும்."